முனியறைக்குள் பதினோரு குறிகள்

அந்தத் தொடரை நான் ஏழாம் வகுப்பிலிருந்து பார்த்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரும். தொப்பி போட்ட ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒரு குகைக்குள் இறங்குவார். டார்ச் வெளிச்சம் சுவரில் ஏறும். ஏதோ ஓர் உருவம் மங்கலாகத் தெரியும். சரியாக அந்த இடத்தில் முரசு அதிர்ந்து விளம்பரம் வந்துவிடும். பாலைவனத்துக் கல்லறை, கடலில் மூழ்கிய நகரம், காடு விழுங்கிய கோவில் என்று வாரத்துக்கு ஒரு பழைய நாகரிகம். கடைசியில் அவர் காமிராவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். பதில் சொல்லாமலே போய்விடுவார்.

அந்தப் பதில்களைத் தேடித்தான் தொல்லியல் படிக்கப் போனேன் என்றால் என்னோடு படித்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மா ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிறாள். அப்பா போடியில் ஏலக்காய் மூட்டை லோடு ஏற்றுகிறவர். இரண்டு பேருமே கைநாட்டு. அந்த வீட்டிலிருந்து போய் நான் முதுகலை முடித்தேன். இதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைத்துப் பேச நான் கற்றுக்கொள்ளவில்லை.

முதுகலைக்கு நான் எழுதிய ஆய்வேடு எங்கள் மலையைப் பற்றியது. போடிமெட்டுக்கு அப்பால், ஏலச்செடிகளுக்கு நடுவே, பழங்காலத்துக் கல்திட்டைகள் இருக்கின்றன. நான்கு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல் வைத்த சின்ன அறைகள். இறந்தவர்களுக்காக இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் எழுப்பியவை. தோட்டத்தில் அவற்றை முனியறை என்பார்கள். ஒரே சரிவில் எட்டு முனியறைகளை அளந்து, படமெடுத்து, வரைந்தேன். ஐந்தாவது அறைக்குள், இடதுபக்கக் கல்லில் பதினோரு குறிகளைக் கண்டுபிடித்தேன். ஏணி, சூலம், சீப்பு, மீன், வட்டத்துக்குள் புள்ளி என்று வரிசையாக, கல்லில் கொத்தியவை. பழைய பானை ஓடுகளில் கிடைக்கும் கீறல்களைப் போலவே இருந்தன. ஓடுகளில் கிடைப்பது எல்லாருக்கும் தெரியும். இந்த மலையில், கல்லறைக்குள், ஒரே சுவரில் பதினொன்று கிடைத்தது எனக்குத்தான்.

என் பேராசிரியர் அந்தக் குறிகளைப் பற்றிய அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தார். ஒரு கருத்தரங்கில் மேடையிலேயே என்னை எழுந்து நிற்கச் சொன்னார். முனைவர் படிப்புக்கு விண்ணப்பம் போடச் சொன்னவரும் அவர்தான். அந்தப் பதினோரு குறிகள் இல்லையென்றால் என் ஆய்வேடு அளவுகளும் வரைபடமும் கொண்ட சாதாரண வேலை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆய்வேட்டை அட்டை கட்டி வாங்கி வந்த அன்று அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். அட்டைக்குச் சந்தனம் வைத்தாள். குங்குமம் வைத்தாள். சாமி படங்களுக்கு நடுவில் நிறுத்தினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் பூ விழுந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் திறந்து ஒரு படத்தைக்கூடக் காட்டவில்லை. சாமிக்கு வைத்ததை எடுத்துப் புரட்டுகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

தொடரின் இயக்குநர் போன் செய்தபோது முனைவர் படிப்புக்கான நேர்காணலுக்கு மூன்று வாரம் இருந்தது. இந்த முறை அவர்கள் நம் நாட்டுக் கல்லறைகளை எடுக்கிறார்களாம். குறிகளைப் பற்றி நான் வெளியிட்ட கட்டுரையை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "நீங்களே குகைக்குள்ள இருந்து அந்தக் குறிகளை விளக்குறீங்க மேடம். பத்து நாள்ல டிவில வந்துரும்," என்றார். பேராசிரியரிடம் சொன்னேன். "நல்லதும்மா. தேர்வுக் குழுவுல இருக்கிறவங்களும் டிவி பார்க்கிறவங்கதான்," என்று சிரித்தார். ஏழாம் வகுப்பிலிருந்து வெளியே நின்று பார்த்த சுவருக்கு முன்னால் நானே நிற்கப் போகிறேன்.

காய் பறிக்கிற பெண்கள் நான்கு பேர் காட்சியில் வேண்டும் என்று இயக்குநர் கேட்டிருந்தார். அம்மாவையும், அவளோடு இப்போது வேலைக்குப் போகிற மூன்று பேரையும் அழைத்துக்கொண்டேன். அம்மா கல்யாணமான புதிதில் அந்தச் சரிவில்தான் வேலை பார்த்தாள். நான் பிறந்த பிறகு வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

காலை ஆறு மணிக்கு ஜீப் கிளம்பியது. டிரைவர் அண்ணன் எங்கள் தெருக்காரர். ஏறும்போதே ஆரம்பித்தார்.

"ஏன் ஆத்தா, என் ஜீப்பும் டிவில வருமா? சொன்னா கழுவிக் கொண்டாந்திருப்பேன்ல."

"கழுவுனா அது ஒன் ஜீப்புன்னு எவனுக்கும் அடையாளம் தெரியாதுண்ணே," என்றாள் அந்த மூன்று பேரில் ஒருத்தியான சிலமலைக்கார அக்கா. அவள் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது.

அம்மா மட்டும் பேசாமல் என் புடவைக் கொசுவத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். புதுப் பருத்திப் புடவை. "குனிஞ்சு நொழைய வேண்டிய எடத்துக்கு எதுக்குடி இது," என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

தோட்டத்தில் படப்பிடிப்புக்காரர்கள் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். இயக்குநர், காமிராக்காரர், ஒலிப்பதிவு செய்கிறவர், அப்புறம் தொகுப்பாளர். பழைய தொப்பிக்காரர் இல்லை, இளையவர். தொப்பி மட்டும் அதேதான். முதல் காட்சியாக அவர் ஐந்தாவது முனியறையின் மூடுகல்லில் கை வைத்துக்கொண்டு பேசினார். இந்தக் கற்கள் நம் முன்னோர்கள் விட்டுப்போன சொத்து, இவற்றில் ஓர் ஆணிக் கீறல் போட்டாலும் சிறைத்தண்டனை உண்டு என்று கம்பீரமான குரலில் சொன்னார். அம்மா ஏலச்செடிகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒலிப்பதிவுக்காரர் என் கழுத்தோரம் சின்ன மைக்கைக் குத்தி, இடுப்பில் ஒரு டப்பாவை மாட்டினார். மைக் வேலை செய்கிறது என்பதற்கு டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து இயக்குநர் அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, நீங்க சொல்ல வேண்டியது ஒரே வரிதான். இந்த முனியறைப் பக்கம் நாங்க யாரும் வரமாட்டோம், எங்களுக்குப் பயம். அவ்வளவுதான்."

"பயமா? எதுக்கு சார் பயம்? இதுக்குள்ளதான தூக்குவாளிய வப்போம்."

"முனி வந்து ஒன் பழைய சோத்தத் தின்னுட்டுப் போயிருமோன்னு பயந்தேன்னு சொல்லு மதினி," என்றாள் சிலமலைக்கார அக்கா. பெண்கள் சிரித்தார்கள். காமிராக்காரரும் சிரித்தார். இயக்குநர் சிரிக்கவில்லை.

"தூக்குவாளி எல்லாம் வேணாம்மா. பயம்னு சொல்லுங்க."

"சரி சார். பயம். எங்க பாத்துச் சொல்லணும்?"

அம்மா காமிராவைப் பார்த்துச் சொன்னாள். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. எட்டு முனியறை இருக்கிறது, தூக்குவாளி வைத்தது வேறு எதிலாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே சருகும் நூலாம்படையும் கிடந்தன. படமெடுக்கும் முன் சுத்தம் செய்ய வேண்டும். அம்மா ஒரு கொத்து இலையை ஒடித்துக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனாள். சுவரைத் தேய்த்துவிடப் போகிறாளே என்று நானும் டார்ச்சோடு பின்னாலேயே நுழைந்தேன். உள்ளே இரண்டு பேர் குந்தி உட்காரலாம், நிமிர முடியாது. வெளிச்சத்தை இடதுபக்கக் கல்லில் அடித்தேன்.

அம்மாவின் கை நின்றது.

"அடியே," என்றாள். "இன்னும் இருக்குடி."

"என்னம்மா இருக்கு?"

"என் ஏணி."

விரலை நீட்டி ஏணியைத் தொட்டாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு இருந்தது.

"அப்ப சாக்குல நம்பரு போட மாட்டாங்க. சாயங்காலம் எடை போடுற எடத்துல யாரு சாக்கு எதுன்னு தெரியணும்ல. எங்களுக்குப் பேரு எழுதத் தெரியாது. ஆளுக்கொரு குறி. நூல்ல தச்சுக்குவோம். எனக்கு ஏணி. இங்க தூக்குவாளிய வச்சுட்டுக் கொரங்கு வராம வாசல்ல கல்ல உருட்டி வச்சுட்டுப் போவோம். பதினோரு வாளியும் ஒண்ணு போலவே இருக்கும். மத்தியானம் வந்தா ஒரே சண்டை. அதுக்காகத்தான் அவஅவ வாளிக்கு மேல அவஅவ குறிய கொத்தி வச்சோம்."

பதினோரு வாளி. அந்த எண்ணை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

"எதால கொத்துனீங்க?" என்றேன்.

"எங்க கூட்டத்துல ஒருத்தி அப்பன் அம்மி கொத்துறவரு. அவ உளி கொண்டாந்தா. நல்ல மழை, காட்டுக்குள்ள எறங்க முடியல. ஒக்காந்து டொக்கு டொக்குன்னு ஆளுக்கொண்ணு. இந்தா சூலம், இது தேவாரம் ஊர்க்காரி. மீனு கொத்துனவ இப்ப உசுரோட இல்ல. அட்டைப்பூச்சிக்கும் குளிருக்கும் தீ மூட்டுவோம். அதான் கல்லெல்லாம் எப்படிக் கறுத்துப் போய்க் கெடக்கு பாரு."

அம்மி கொத்துகிற உளி. கல்லைக் கீறாமல் புள்ளி புள்ளியாகக் கொத்துகிற வேலை. அந்தப் புள்ளிகளைப் பற்றி மட்டும் நான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அந்தக் கறுப்புதான் பழமைக்குச் சான்று என்று இரண்டு பக்கம்.

"அம்மா, இத நான் எழுதிட்டேன்."

"எத?"

"இந்தக் குறியெல்லாம் ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினதுன்னு."

"எதுல? சாமிகிட்ட வச்சிருக்கோமே, அதுலயா?"

"அதுலதான்."

அவள் சிரிப்பு போன வேகத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. விரலைக் கல்லிலிருந்து எடுத்துக்கொண்டாள். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொல்லாத."

"அம்மா..."

"வாய மூடு. யாருக்குத் தெரியும்? பதினோரு பேர்ல நாலு பேரு போய்ச் சேந்தாச்சு. மிச்சம் இருக்கவளுக எவ டிவியப் பாத்து இது எங்க குறின்னு வரப்போறா? நீ வந்த சோலியப் பாரு. எழுதுனது எழுதுனதுதான். கீறுனா செயிலுன்னு அந்தத் தொப்பிக்காரரு வேற சொல்லிட்டிருந்தாரு, கேட்டல்ல?"

அப்போதுதான் என் இடுப்பில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

வெளியே வந்தேன். ஒலிப்பதிவுக்காரர் காதில் ஹெட்போனோடு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். எழுந்து வந்து என் டப்பாவைக் கழற்றினார்.

"சார், பேட்டரி மாத்தணும். அஞ்சு நிமிசம்," என்று இயக்குநரிடம் குரல் கொடுத்தார். விளக்கு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

அந்த ஐந்து நிமிடத்தில் நான் நினைத்ததை எல்லாம் எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும். உண்மையைப் பற்றி நான் அதிகம் நினைக்கவில்லை. நேர்காணலைப் பற்றி நினைத்தேன். பேராசிரியர் மேடையில் என்னை எழுந்து நிற்கச் சொன்னதை நினைத்தேன். அப்பா போடியில் மூட்டை ஏற்றுகிற இடத்தில் எல்லாரிடமும் நாள், நேரம் சொல்லி வைத்திருந்ததை நினைத்தேன். அம்மா சொன்னதில் தப்பு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தெரியப் போவதில்லை. நான் உள்ளே போய், மனப்பாடமாக இருக்கிற பத்து வாக்கியங்களைச் சொல்லிவிட்டு வந்தால் போதும்.

"மஞ்சு எறங்குது சார்," என்று கீழேயிருந்து டிரைவர் அண்ணன் கத்தினார். மேட்டிலிருந்து மூடுபனி செடிகளுக்குள் வழிந்துகொண்டிருந்தது. இன்னும் அரைமணி நேரத்தில் பத்தடி தூரம்கூடத் தெரியாது. இயக்குநர் கைதட்டினார். "சீக்கிரம், சீக்கிரம். லைட் போயிரும்."

ஒலிப்பதிவுக்காரர் டப்பாவை மறுபடி மாட்டிவிட்டார். தொகுப்பாளரும் நானும் முனியறையின் வாசலில் குந்தினோம். காமிரா எங்கள் தோளுக்குப் பின்னால். சிவப்பு விளக்கு எரிந்தது. எப்படி இந்தக் கல்லை நிறுத்தினார்கள் என்று கேட்டார், சொன்னேன். மூடுகல்லை எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று கேட்டார், சொன்னேன். என் குரல் நன்றாகவே இருந்தது. பிறகு அவர் டார்ச்சைச் சுவரில் ஏற்றினார். வெளிச்சம் மெல்லப் போய் ஏணியில் நின்றது.

"இது யாருடைய கை?" என்றார், குரலைத் தாழ்த்தி.

நான் திரும்பி, வெளியே நின்ற அம்மாவைப் பார்த்தேன்.

"கட். பரவால்ல மேடம், ஒன் மோர்."

மறுபடி சிவப்பு விளக்கு. மறுபடி ஏணி.

"இது யாருடைய கை?"

"இது பழசு இல்ல," என்றேன். "நான் தப்பா எழுதிட்டேன். இது தோட்டத்துல வேலை பார்த்த பொண்ணுங்க கொத்துனது. முப்பது வருசம்கூட ஆகியிருக்காது."

காமிராக்காரர் காமிராவை நிறுத்தவில்லை. இயக்குநர் எழுந்து வந்தார்.

"என்ன மேடம் விளையாடுறீங்க? உங்க பேப்பரைப் படிச்சிட்டுத்தான இவ்வளவு தூரம் வந்திருக்கோம். இப்ப யார் சொன்னாங்க உங்களுக்கு?"

அம்மா பெயரை எடுக்காமல் இதை முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் தொகுப்பாளர் கெட்டிக்காரர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேராக அம்மாவிடம் போனார். காமிராவும் கூடவே திரும்பியது.

"அம்மா, நீங்க இங்க வேலை பார்த்தவங்கதானே? இந்தக் குறியை யாராவது கொத்துனதைப் பாத்திருக்கீங்களா?"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். என்னைப் பார்க்கவே இல்லை. பயம் என்று சொன்னபோது பார்த்தது போலவே காமிராவை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு என்ன சார் தெரியும்? நான் கைநாட்டு. காய் பறிக்கவே நேரம் பத்தாது, இதுக்குள்ள எவ வந்து படம் போடுவா? எம் மக படிச்சவ. அவ எழுதுனது சரியாத்தான் இருக்கும். இப்ப ஏதோ பதட்டத்துல பேசுறா. அவளுக்குச் சோடா குடுங்க."

மூடுபனி முனியறையின் மூடுகல் மேல் வந்துவிட்டது. இயக்குநரின் முகம் தெளிந்தது. எனக்கு ஒரு வாசலை அம்மா மறுபடியும் திறந்து வைத்திருந்தாள். ஆமாம், பதட்டம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் முடிந்தது.

"அம்மா பொய் சொல்றாங்க," என்றேன். "அந்த ஏணி அவங்களோடது. அவங்களே கொத்துனது."

சிலமலைக்கார அக்கா "ஏ புள்ள!" என்று அதட்டினாள். வேற்று ஆட்களுக்கு முன்னால், எரிகிற காமிராவுக்கு முன்னால் என் அம்மாவைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டேன். அம்மா என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த, பனிக்குப் போர்த்துகிற தன் பிளாஸ்டிக் தாளை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஜீப் நின்ற இடத்தை நோக்கி நடந்தாள்.

தொகுப்பாளர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சார், இது இன்னும் நல்ல கதை இல்லையா? அம்மா கொத்துனதைப் பொண்ணு கண்டுபிடிக்கிறா."

"இதுல மர்மம் எங்கய்யா இருக்கு?" என்றார் இயக்குநர். "யார் செஞ்சான்னு தெரிஞ்சிருச்சுன்னா அப்புறம் யார் பார்ப்பான்?"

பிறகு பையிலிருந்து என் கட்டுரையின் அச்சுப்பிரதியை எடுத்தார். நான் பேசாவிட்டாலும் பரவாயில்லை, தொகுப்பாளர் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஓர் ஆய்வாளர் இப்படிச் சொல்கிறார் என்று பேசிவிடுவார் என்றார். அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. வேலையை முடிக்கிற அவசரம்தான். கூடவே ஒப்புதல் படிவத்தையும் நீட்டினார். என் பெயரையும் கட்டுரையையும் பயன்படுத்த நான் சம்மதிக்கிறேன் என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போடமாட்டேன் சார்."

"மேடம், ஒரு நாள் ஷூட்டிங். இத்தனை பேர்."

"அத எழுதினது நான். தப்புன்னு சொல்றதும் நான்தான். என் பேர் போட்டு அத யாரும் படிக்கக்கூடாது."

படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். "படிச்ச பொண்ணுன்னு நம்பி வந்தேன் பாருங்க," என்று அவர் காமிராக்காரரிடம் சொன்னது எனக்குக் கேட்கட்டும் என்றுதான்.

ஒலிப்பதிவுக்காரர் வந்து என் கழுத்திலிருந்து மைக்கை எடுத்தார். ஒயரைச் சுற்றிக்கொண்டே, "பாத்துப் போங்கக்கா," என்று மட்டும் சொன்னார்.

இறங்கும்போது அம்மா டிரைவருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஜீப் ஹாரன் அடித்து மூடுபனிக்குள் இறங்கியது.

"என்ன ஆத்தா, மக டிவில எப்ப வருது?" என்றார் டிரைவர் அண்ணன், நடந்தது தெரியாமல்.

"வருவா வருவா. பெத்தவ பொய்க்காரின்னு ஊருக்கே படிச்சுக் காட்டிட்டுத்தான் வருவா," என்றாள் அம்மா.

நான்கு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. சோறு வரும், வார்த்தை வராது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அப்பாவிடம் சொல்வாள். "ஒம் மகள வெந்நி ஆறுறதுக்குள்ள குளிக்கச் சொல்லு." நான் பக்கத்திலேயே நிற்பேன். அப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் முழித்துக்கொண்டு அதையே என்னிடம் திருப்பிச் சொல்வார்.

இரண்டாம் நாள் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நடந்தது எல்லாவற்றையும் எழுதினேன். அப்படித்தான் அப்போது நம்பினேன். நான்காம் நாள் சாயங்காலம் அவர் போன் செய்தார். நான் வாசலுக்குப் போகவில்லை. கூடத்திலேயே நின்று பேசினேன். அம்மா சுவரோரம் உட்கார்ந்து முறத்தில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சேம்மா," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் இத மேடையில பேசினவன். என்கிட்ட நாலு பேர் கேப்பாங்க. அதனால ஒண்ணு கேக்குறேன். படமெல்லாம் எடுத்தது நீதானே?"

"ஆமா சார்."

"உளி பட்ட எடம் எங்கயாவது வெளுப்பா, புதுசாத் தெரிஞ்சதா? யோசிச்சுச் சொல்லு."

யோசிக்கத் தேவையிருக்கவில்லை. இந்த இடம் வரைக்கும் இதை நான் உங்களிடமும் சொல்லவில்லை. மீனின் வால் கல்லின் அடியோரத்தில் இருந்தது. புகை அங்கே எட்டவில்லை. உளி கொத்திய குழிகள் வெள்ளையாக, நேற்றுக் கொத்தியது போல இருந்தன. அதையும் படமெடுத்தேன். விடுதி அறையில் ஒரு முழு நாள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குரங்கு சுரண்டியிருக்கும், கல் உரசியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அந்த ஒரு படத்தை மட்டும் ஆய்வேட்டில் சேர்க்கவில்லை. மலையில் அம்மாவைப் பார்த்துப் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொன்னபோதும் அந்தப் படம் என் கணினியில்தான் இருந்தது.

"தெரிஞ்சது சார்," என்றேன். "மீன் குறியில. அந்தப் படத்த நான் சேர்க்கல."

போனில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"விண்ணப்பத்தைப் பத்தி இப்ப என்னால எதுவும் சொல்ல முடியாதும்மா," என்றார். "அந்தப் படத்த அனுப்பு." வைத்துவிட்டார்.

அம்மா முறத்தை நிறுத்தியிருந்தாள். பச்சைக் காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம் என்று பிரித்த குவியலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அன்னைக்கி மலையில பொய் சொன்னவ நான் ஒருத்தி மட்டும் இல்ல."

"இல்லம்மா."

நான்கு நாளில் அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அதில் சமாதானம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கணினியைத் திறந்து அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். அவளுக்குக் காட்டினேன். குனிந்து பார்த்தாள், "அவ மீனுதான்," என்றாள். அனுப்பினேன். பிறகு சாமி படங்களுக்கு நடுவிலிருந்து ஆய்வேட்டை எடுத்தேன். காய்ந்த பூ உதிர்ந்தது. அம்மா தடுக்கவில்லை. அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்றும், எந்தக் குறி யாருடையது என்று அவள்தான் சொல்ல வேண்டும் என்றும் கேட்டேன்.

"என் ஏணிய எழுதிக்க. அதான் ஊருக்கே சொல்லிட்டியே," என்றாள். "மத்தவளுக குறிய நான் சொல்ல மாட்டேன். உசுரோட இருக்கவளுகட்ட நீயே போய்க் கேளு. அவளுக சரின்னா எழுது."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், சூலம் கொத்தியவளைத் தேடித் தேவாரத்துக்குக் கிளம்பினேன்.